மூச்சை விட்டபிறகு பிடியுங்கள்

இடது கழுத்து ரத்தக்குழாய் குறுகியிருப்பது தெரிந்ததும் எனக்கு இன்னொரு எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார்கள். அடைப்பு எங்கே என்பது முதல் ஸ்கேனிலேயே தெரிந்துவிட்டது. தேவைப்படும்போது மூளைக்குள் இருக்கும் குழாய்கள் விரிந்து கொடுக்குமா என்பதை அது சொல்லாது.

ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் அந்தக் குழாய்கள் விரியும். அதை ஏற்ற முகமூடி வழியாக அந்த வாயு கலந்த காற்றைக் கொடுக்கலாம், அல்லது மூச்சைப் பிடிக்கச் சொல்லலாம். அசிட்டசோலமைடு ஊசி போட்டும் குழாய்களை விரிக்கலாம். எனக்கு முதலில் மூச்சுப் பிடிப்பு.

முதல் தடவை வீணாகிவிட்டது. 'பிடியுங்கள்' என்றதும் நெஞ்சு நிறைய இழுத்துப் பிடித்தேன். முடிந்ததும் மறுபடி காற்றை இழுத்தேன். அப்புறம் டெக்னீஷியன் வரைபடத்தைக் காட்டினார். மூக்கருகே வைத்த குழாய், வெளிவிடும் காற்றில் உள்ள வாயுவை அளக்கிறது. ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஒரு சிறு மேடு. பிடித்து முடித்தவுடன் வரவேண்டிய உயரமான மேடு என் வரைபடத்தில் இல்லவே இல்லை. எவ்வளவு ஏறியது என்று தெரியாமல், குழாய்கள் எவ்வளவு விரிந்தன என்று எப்படிக் கணக்கிடுவது? ஆழமாக இழுப்பதும் தப்பாம். இழுக்கும் அளவு ஒவ்வொரு தடவையும் மாறும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் சிக்னலும் கலைந்துபோகும்.

வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துப் பழகினேன். சாதாரணமாக மூச்சை விட்டு, 15 விநாடி பிடித்து, கடைசியில் மிச்சமிருப்பதைக் கொஞ்சம் வெளியே தள்ளி, அதன்பிறகே உள்ளே இழுப்பது. அந்தக் கடைசித் தள்ளல்தான் கஷ்டம். உடம்பு முழுக்க 'இழு, இழு' என்று கேட்கும்.

இரண்டாம் தடவை மேடுகள் வரிசையாக வந்தன. வண்ணப் படத்தில் வலப்பக்கம் முழுக்க ஆரஞ்சு, அதாவது சிக்னல் ஏறிய இடம்; இடப்பக்கம் முன்னால் ஒரு நீலத் திட்டு. வாயு ஏறும்போது அங்கே சிக்னல் இறங்கியிருக்கிறது. விரியக்கூடிய குழாய்கள் ரத்தத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டால் இப்படி ஆகலாம் என்றார் டாக்டர். மெதுவாக விரியும் குழாயும் 15 விநாடியில் இப்படியே தெரியலாமாம். அதைப் பிரித்தறிய முகமூடிச் சோதனை.

இதில் ஒவ்வொரு சுற்றும் 2 நிமிடம். முகம் சூடாகி, மூச்சு தானாக வேகமெடுத்தது. கையில் அழைப்பு பல்பு இருந்ததால் பயப்படவில்லை. வாயுவை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது.

புதிய படத்தில் அந்தத் திட்டு பாதிக்குமேல் மறைந்திருந்தது. அந்த இடத்துக் குழாய்கள் பெரும்பாலும் விரிகின்றன, தாமதமாக. ஆபரேஷன் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. 6 மாதம் கழித்து இதே முகமூடியோடு மறுபடி எடுக்கவேண்டும்.