ஜீன் ஸ்மித் கிளம்புகிறார்: கொலம்பஸ் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 23, 2023, புதன்

எங்கள் கொலம்பஸ் நகரத்து ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறை இயக்குநர் ஜீன் ஸ்மித் ஓய்வு பெறப்போகிறார். அடுத்த ஜூன் 30 வரை பதவியில் இருப்பாராம். அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இன்று வேலை ஓடவில்லை.

ராத்திரி ஊரிலிருந்து அண்ணன் பேசியபோது சொன்னேன். "ஒரு காலேஜ் பி.டி. மாஸ்டர் ரிட்டயர் ஆறதுக்கா இத்தனை கூத்து?" என்றான். 36 விளையாட்டு அணிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவ வீரர்கள், ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம், 2005-லிருந்து எல்லாம் இவர் பொறுப்பு என்றேன். "அப்ப மந்திரின்னு சொல்லு" என்றான்.

ஆகஸ்ட் 27, 2023, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பெரியவர் இங்கேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். புல் வெட்டும் இயந்திரத்தை அணைத்துவிட்டு வேலியோரம் வந்தார். "நல்ல மனுஷன்தான். ஆனா 2011-ஐ நான் மறக்க மாட்டேன்" என்று ஆரம்பித்தார்.

பழைய கதை. ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) வீரர்கள் சிலர் தங்கள் பரிசுப் பொருட்களை விற்றும், அவற்றைக் கொடுத்துப் பதிலுக்குப் பச்சை குத்திக்கொண்டும் மாட்டினார்கள். அன்றைய விதிப்படி மாணவ வீரர்களுக்கு அது தப்பு. விஷயம் தெரிந்தும் மறைத்த பயிற்சியாளர் ஜிம் டிரஸல் 2011 மே மாதம் பதவி விலகினார். அந்த ஆண்டு அணி சுமார்தான். 'பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டத்துக்கு நாங்களே போகவில்லை' என்று பல்கலைக்கழகம் முந்திக்கொண்டு அறிவித்திருந்தால் தண்டனை அதோடு முடிந்திருக்கும் என்பது ரசிகர்களின் கட்சி. ஸ்மித் அப்படிச் செய்யவில்லை. கேட்டர் பவுலுக்குப் போய்ப் புளோரிடாவிடம் தோற்று, 6 வெற்றி, 7 தோல்வியோடு திரும்பினார்கள். கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்போ அடுத்த ஆண்டு பவுல் ஆட்டத்துக்குத் தடை போட்டது. அந்த 2012-இல்தான் புதுப் பயிற்சியாளர் அர்பன் மையரின் அணி 12 ஆட்டங்களில் பன்னிரண்டையும் வென்றது. வென்று என்ன செய்ய? வீட்டில் உட்கார்ந்து தேசிய இறுதி ஆட்டத்தை டி.வி.யில் பார்த்தார்கள்.

பெரியவருக்கு இதில் கூடுதல் எரிச்சல் ஒன்று உண்டு. அந்த இறுதியில் ஆடியது நோட்ரடேம். ஸ்மித் படித்த, 1973 சாம்பியன் அணியில் தானே ஆடிய கல்லூரி! சதி என்று அவர் சொல்லவில்லை, சொல்லாமலும் விடவில்லை.

நவம்பர் 25, 2023, சனி

ஃபுட்பாலில் பரம வைரி மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் 30-24. அவர்களிடம் தொடர்ந்து மூன்றாவது தோல்வி. இன்றைய வசவெல்லாம் பயிற்சியாளர் ரயன் டேக்கு. ஸ்மித் பெயரை யாரும் எடுக்கவில்லை.

ஜனவரி 16, 2024, செவ்வாய்

அடுத்தவர் பெயர் வந்துவிட்டது: டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலிருந்து ராஸ் பியார்க். அங்கே ஃபுட்பால் பயிற்சியாளரை ஒப்பந்தம் முடியுமுன் அனுப்பக் கொட்டிக் கொடுத்த பணத்தைச் சொல்லி, 'நம் கஜானாவும் காலி' என்று சிரிக்கிறார்கள். ஆள் வந்து உட்காரட்டுமே முதலில்.

பிப்ரவரி 18, 2024, ஞாயிறு

புதன்கிழமை ஆண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஹோல்ட்மனை நீக்கினார்கள். போகிற காலத்தில் இந்தக் கசப்பு வேலையை வருகிறவர் தலையில் தள்ளியிருக்கலாம், ஸ்மித் தள்ளவில்லை. தற்காலிகமாக வந்த ஜேக் டீப்ளர், நாட்டின் தரவரிசையில் இரண்டாம் இடத்திலிருந்த பர்டூ பல்கலைக்கழக அணியை இன்று 73-69 என்று சாய்த்துவிட்டார். கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

ஜூன் 30, 2024, ஞாயிறு

கடைசி நாள். நண்பர்கள் சிலர் மாலை வீட்டுக்கு வந்தார்கள். 2014 பருவத்தின் சாம்பியன் பட்டம், 2018-இல் உதவிப் பயிற்சியாளர் மீதான குடும்ப வன்முறைப் புகாரை மையர் கையாண்ட விவகாரத்தில் ஸ்மித்துக்கும் விழுந்த சம்பளமில்லாத இடைநீக்கம், திரும்பவும் 2011. ஃபுட்பாலைத் தாண்டி யாரும் நகரவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

நான் பேசியது 2020 பற்றி. கொரோனாவில் வருமானம் நின்றபோது பல பல்கலைக்கழகங்கள் சின்ன விளையாட்டுகளின் கழுத்தில் கத்தி வைத்தன. இதே மாதிரி 36 அணிகள் வைத்திருந்த ஸ்டான்ஃபோர்ட் பதினொன்றை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் அடுத்த ஆண்டுதான் பின்வாங்கியது. அயோவா பல்கலைக்கழகத்தில் ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், டென்னிஸ், நீச்சல் போயே போய்விட்டன. இங்கே ஒன்றையும் தொடவில்லை. வாள்வீச்சுக்கும் துப்பாக்கி சுடுதலுக்கும் டிக்கெட் விற்றா சம்பாதிக்கிறார்கள்? ஃபுட்பால் பணம்தான் அங்கே பாய்கிறது. அந்த மடையை அடைக்காமல் பார்த்துக்கொண்டது இவர்தான். 2019-இல் திறந்த கவெல்லி அரங்கில் மல்யுத்தமும் வாலிபாலும் பார்க்க என் மகளோடு போவேன். டிக்கெட்டும் மலிவு, வீரர்கள் முகமும் தெரியும்.

"சரிப்பா, அது பெரிய விஷயம்தான்" என்றார் ஒருவர். மூச்சு விடவில்லை, "ஆனா 2011-ல…"

ஜனவரி 21, 2025, செவ்வாய்

நேற்றிரவு அட்லாண்டாவில் எங்கள் ஃபுட்பால் அணி தேசிய சாம்பியன்! 34-23. தோற்றது யார்? நோட்ரடேமேதான்.

பெருமை யாருக்கு என்று காலையிலேயே வாக்குவாதம். நாற்காலியில் இருப்பவர் பியார்க். ஆனால் மிச்சிகனிடம் நாலாவது முறையாகவும் தோற்று, ஊரே வெளியே போ என்று கத்திய ரயன் டேயை 2018 டிசம்பரில் தேர்ந்தெடுத்தவர் ஸ்மித். என் கட்சி தெரிந்ததே. வேலியோரம் பனியை வாரிக்கொண்டிருந்த பெரியவரிடம், "இப்பவாவது கணக்கு நேராச்சா?" என்று கேட்டேன்.

"இது 2024 கணக்கு. 2012 பாக்கி அப்படியே நிக்குது" என்றார்.