மெனுவுக்கு வெளியே வந்து நின்ற மாமரங்கள்

சித்தப்பா திருச்சிப் பக்கம் நர்சரி வைத்திருக்கிறார். அதற்கு ஒரு வெப்சைட்டும் இருக்கிறது, வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளில். யாரோ செய்து கொடுத்துவிட்டுப் போனது. குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டதால் இப்போது அது என் தலையில்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன். "டேய், நம்ம சைட்டுல மல்கோவாவும் நீலமும் வெளிய வந்து வரிசையா நிக்குதுடா, என்னன்னு பாரு."

திறந்து பார்த்தேன். உண்மைதான். முகப்பு, பழக்கன்றுகள், பூச்செடிகள், தென்னை, தொடர்புக்கு என்று ஒழுங்காக இருந்த மேல்வரிசையில், தொடர்புக்கு முடிந்த கையோடு இமாம் பசந்த், பங்கனப்பள்ளி, மல்கோவா, நீலம், செந்தூரம் ஐந்தும் ஒட்டிக்கொண்டு நின்றன. இடம் போதாமல் வரிசை இரண்டாக மடிந்து லோகோ மேல் ஏறிவிட்டது. முந்தின நாள் வரை இவை 'பழக்கன்றுகள்' என்பதற்குள் 'மா', 'மா'வுக்குள் ரகங்கள் என்று மூன்றாவது அடுக்கில் ஒழுங்காக இருந்தவை.

"மெனுவுல கை வச்சீங்களா சித்தப்பா?"

"மெனு பக்கமே போகலடா. அந்த மா பக்கத்துல ஒரு போட்டோவத் தவிர ஒண்ணுமே இல்ல, அதான் எடுத்துக் குப்பையில போட்டேன்."

அதுதான் விஷயம். எனக்கே இது முழுசாகப் புரிய ஒரு மணி நேரம் ஆனது. பலரும் (நானும்தான்) நினைத்துக்கொண்டிருப்பது, மெனு என்பது சைட்டில் இருக்கும் பக்கங்களின் நிழல், பக்கத்தை மாற்றினால் மெனுவும் தானாக மாறும் என்று. வேர்ட்பிரஸ் 3.0 வருவதற்கு முன்னால், அதாவது 2010 ஜூனுக்கு முன்னால், பெரும்பாலான தீம்களில் (சைட்டின் தோற்றத்தைத் தரும் தொகுப்புதான் தீம்) கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. பக்கங்களின் பட்டியலையே மெனுவாகக் காட்டினார்கள். 3.0-இல் மெனுவுக்கென்று தனி ஏற்பாடு வந்தபின் கதை வேறு. நாம் மெனுவில் சேர்க்கும் ஒவ்வொரு வரியும் டேட்டாபேஸில் தனியாக ஒரு பதிவு. நாம் எழுதும் போஸ்டுகளும் பக்கங்களும் இருக்கும் அதே டேபிளில்தான் உட்காரும், வகை மட்டும் வேறு. தனக்கு மேலே இருக்கும் வரி எது என்பதை ஒரு எண்ணாகத் தன்னிடம் வைத்திருக்கும், அவ்வளவுதான். நீலத்திடம் கேட்டால் "என் அப்பா நம்பர் 412" என்று, அதாவது 'மா' வரியின் எண்ணைச் சொல்லும். பழக்கன்றுகள் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இப்போது 'மா' பக்கம் குப்பைக்குப் போனதும், அதைச் சுட்டும் மெனு வரியைச் செல்லாது என்று வேர்ட்பிரஸ் ஒதுக்கிவிடுகிறது, சைட்டில் காட்டாது. ஆனால் அதன் ஐந்து பிள்ளைகளும் அப்படியே இருக்கின்றன. 412 எங்கே என்று தேடினால் ஆளைக் காணோம். மெனுவை வரைகிற நிரல், இதற்கு வாக்கர் என்று பெயர், ஒவ்வொரு கிளையாக இறங்கி ஏறி எல்லாவற்றையும் வரைந்து முடித்த பிறகு, அப்பன் இல்லாமல் மிச்சம் நிற்பவற்றையும் விட்டுவிடக் கூடாது என்று கடைசியில் முதல் அடுக்கிலேயே கொண்டுவந்து கொட்டிவிடும். நல்ல எண்ணம்தான். பார்க்கத்தான் அப்படி இருக்கிறது.

சரிசெய்ய ஒன்றுமே செய்யவில்லை. குப்பையிலிருந்து 'மா'வை மீட்டேன், ஐந்தும் உள்ளே போய்விட்டன. சித்தப்பா இரண்டு மாதம் கழித்துக் கவனித்திருந்தால் சிக்கல். குப்பை 30 நாளில் தானாகக் காலியாகும், அப்போது பக்கத்தோடு சேர்ந்து அந்த மெனு வரியும் நிரந்தரமாக அழியும், அப்புறம் ஐந்தையும் கையால் இழுத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும்.

இதே குழப்பம் தலைகீழாகவும் நடக்கும். சித்தப்பா மகன் ஒருமுறை ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் 'பேரண்ட்' தேர்வு செய்துவிட்டு, மெனுவில் ஒன்றுமே அசையவில்லை என்று புலம்பினான். அசையாது. பக்கத்தின் பேரண்ட் முகவரியை மாற்றும், மெனுவைத் தொடாது. புதுப் பக்கங்களைத் தானாக மெனுவில் சேர் என்று ஒரு டிக் இருக்கிறதே, அதுகூட பேரண்ட் இல்லாத பக்கங்களை மட்டும்தான் சேர்க்கும்.

கையோடு கையாக மெனுவையே திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் கட்சி இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம் என்பது. மெனு எடிட்டர் பத்து அடுக்குக்கு மேல்கூட விடும், விடுகிறதே என்று போட்டால் மூன்றாவது அடுக்கு பக்கவாட்டில் பறந்து திரைக்கு வெளியே போகும், மவுஸைக் கொஞ்சம் குறுக்கே நகர்த்தினால் மொத்தமும் மூடிக்கொள்ளும். நர்சரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் போனில் பார்ப்பவர்கள், அவர்களுக்கு ஹோவர், அதாவது மவுஸை மேலே கொண்டுபோனதும் விரிவது, என்ற ஒன்றே கிடையாது. அதனால் ஐந்து ரகங்களையும் 'மா' பக்கத்துக்குள்ளேயே படத்தோடு போட்டேன். பக்கம் காலியாக இருக்கிறது என்ற சித்தப்பாவின் குறையும் தீர்ந்தது. தீமின் ஹெட்டர் ஃபைலில் மெனுவை அழைக்கிற இடத்தில் டெப்த், அதாவது எத்தனை அடுக்கு காட்டுவது, என்பதற்கு 2 கொடுத்தேன் (0 என்றால் எல்லா அடுக்கும்). மூலத் தீமைத் தொடாமல் நம் மாற்றங்களைத் தனியே வைக்கும் சைல்ட் தீமில் செய்தேன், இல்லாவிட்டால் தீம் அப்டேட் வந்த அன்றைக்கே எல்லாம் போய்விடும். இதில் ஒரு வினோதம்: டெப்த் 2 என்று ஆனதும், அப்பன் இல்லாத வரிகளைக் கடைசியில் கொட்டும் வேலையை வாக்கர் செய்யாது. முன்னால் சிதறியவை இப்போது சத்தமில்லாமல் காணாமல் போகும். எது மேல் என்று கேட்டால், சிதறுவதுதான், கண்ணிலாவது படுகிறது.

அடுத்தது, 'பழக்கன்றுகள்' தட்டினால் பக்கம் திறக்க வேண்டுமா, உள்மெனு விரிய வேண்டுமா என்ற பழைய தகராறு. பலரும் கஸ்டம் லிங்க் (முகவரியை நாமே எழுதும் மெனு வரி) போட்டு முகவரியில் ஹேஷ் (#) குறியை மட்டும் வைத்துவிடுகிறார்கள். தட்டினால் திரை மேலே குதிக்கும், எங்கேயும் போகாது. நான் இரண்டையும் பிரித்தேன். எழுத்தைத் தட்டினால் பக்கம், பக்கத்தில் ஒரு சின்ன அம்பு பட்டன், அதைத் தட்டினால் விரியும். அதற்கு வாக்கர் முழுவதையும் திருப்பி எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு வரியும் வெளிவரும்போது பிடித்து மாற்ற ஒரு ஃபில்டர் இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வரி என்றால் அதன் கிளாஸ் பட்டியலிலேயே (வரிக்கு ஒட்டியிருக்கும் அடையாளப் பெயர்கள்) தெரியும், அங்கே பட்டனை ஒட்டினால் போதும். ஃபில்டரை இணைக்கும்போது நான்கு மதிப்புகள் வேண்டும் என்று கடைசியில் 4 போட மறந்து, சைட் மொத்தமும் விழுந்து, பத்து நிமிடம் முழித்தேன். நல்லவேளை, அந்த நேரத்தில் சித்தப்பா பார்க்கவில்லை.

பார்த்தது வேறொன்றை. "எல்லாம் சரிடா, புள்ளியெல்லாம் எங்க போச்சு?" பழக்கன்றுகள் என்பது 'பழககனறுகள' என்று நின்றது. தீமை எழுதியவர் ஆங்கிலத்தை மனதில் வைத்து வரி உயரத்தை 1 என்று வைத்து, நீண்ட பெயர்களை வெட்டுவதற்காக வெளியே வழிவதை மறைக்கவும் சொல்லியிருக்கிறார். மேலே இருக்கும் புள்ளி அறுந்துவிடுகிறது, 'பூச்செடிகள்' என்பதில் பூவுக்குக் கால் போய்விடுகிறது. 1.6 ஆக்கினேன், உள்மெனு அகலத்தையும் பிக்செலில் கட்டாமல் எழுத்துக்கு ஏற்ப விரிய விட்டேன். வந்தன.

மெனு உட்பட எல்லாவற்றையும் துண்டு துண்டாக (பிளாக்) எடிட்டரிலேயே அடுக்கும் புது பிளாக் தீம்களில் இந்தக் கூத்து பாதி இல்லை. 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9-இலிருந்து மெனுவுக்கென்றே நேவிகேஷன் பிளாக் இருக்கிறது, தட்டினால்தான் விரியணும் என்பதெல்லாம் ஒரு சுவிட்ச். ஆனால் சித்தப்பாவின் தீம் பழசு, மாற்றுவோமா என்றால் "கலர் மாறிடுமாடா?" என்கிறார்.

நேற்று மறுபடியும் போன். மண்புழு உரம் என்று புதுசாக ஒரு பக்கம் போட்டு, அவரே மெனுவில் சேர்த்திருக்கிறார், சைட்டில் வரவில்லையாம். போய்ப் பார்த்தால், இழுத்து விடும்போது கை 30 பிக்செல் அதிகமாக வலதுபக்கம் போய், அது தென்னைக்குள் குட்டை ரகத்துக்கும் கீழே, மூன்றாவது அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது.