செம்புக்கு இடம் விட்டுப் பெட்டி கட்டுங்கள்

சேர்க்கை உறுதியானதும் கல்லூரியிலிருந்து வந்த விடுதிச் சாமான் பட்டியலில், படுக்கை விரிப்பு, மேசை விளக்கு, துணி மாட்டும் கொக்கிகள் என்று வரிசையாக வந்த பெயர்களுக்கு நடுவே, குளிக்கும்போது அணியும் செருப்பு என்று ஒரு வரி இருந்தது. திருநெல்வேலி டவுனில் எங்கள் வீட்டுப் பட்டாசலில் உட்கார்ந்து நான் அதைத் தமிழில் படித்துச் சொன்னபோது, பூ கட்டிக்கொண்டிருந்த ஆச்சி கையை நிறுத்திவிட்டு, "செருப்பப் போட்டுக்கிட்டா குளிப்பாவ? நல்லாப் படிச்சுப் பாருட்டி" என்றாள். நான் மறுபடியும் படித்தேன். அதே வரிதான் இருந்தது. விசா கிடைத்த நாளிலும் விமானச் சீட்டு பதிவான நாளிலும் உறைக்காத தூரம் அந்த ஒரு வரியில் எனக்கு உறைத்தது.

தாமிரபரணியின் படித்துறையான குறுக்குத்துறையில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செருப்பை மேல்படியிலேயே விட்டுவிட்டு இறங்குவோம். தண்ணீரில் கால் படுவதற்கு முன் குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வோம். ஆற்றை முதலில் காலால் தொடக் கூடாது என்று யாரும் எங்களுக்குப் பாடம் எடுத்ததில்லை. பெரியவர்கள் செய்வதைப் பார்த்து வந்த பழக்கம் அது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்து, இன்று விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மாணவர் விடுதியின் மூன்றாம் மாடியில் நான் தினமும் ரப்பர் செருப்பு அணிந்துதான் குளிக்கிறேன். ஒரு தளத்துப் பெண்கள் அனைவரும் மாறி மாறிப் பயன்படுத்தும் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் சேற்றுப்புண் தொற்றும் என்பதே அதற்குக் காரணம். அது நியாயமான காரணம் என்பதை ஏற்றுக்கொண்டும்விட்டேன். இந்த ஆகஸ்டில் நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பக்கங்களிலிருந்து கிளம்பப் போகும் பெண்கள் சிலர், விடுதிக்கு என்ன எடுத்து வருவது என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் எழுதுகிறேன்.

அமெரிக்கா செல்லும் விமானங்களில் பெரும்பாலும் 23 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகள் அனுமதிக்கப்படுகின்றன. நம் வீடுகளில் முதலில் பெட்டிக்குள் போவது மெத்தை விரிப்பும் போர்வையும்தான். அவை இரண்டையும் வெளியே எடுத்துவிடுங்கள். இங்குள்ள விடுதிக் கட்டில்களில் பல 38 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் கொண்டவை. நம் ஊர் ஒற்றைக் கட்டில் விரிப்பு அந்த மெத்தையின் அடியில் செருகப் போதுமான நீளமில்லாமல் இரவெல்லாம் சுருண்டுகொண்டிருக்கலாம். குளிருக்கான மேலங்கியையும் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சென்னையில் வாங்கும் கம்பளிச் சட்டை இங்குள்ள ஜனவரிக்குப் போதாது. மிக்ஸி வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் சார்ஜர்கள் பெரும்பாலும் இரண்டு மின்னழுத்தங்களையும் தாங்கும் என்பதால் அவற்றுக்குச் செருகியை மாற்றினால் போதும், மிக்ஸி அப்படியல்ல. குக்கரும் வேண்டாம், ஏனென்றால் அறைக்குள் அடுப்பு கிடையாது. சோறு வடிக்கும் மின்பாத்திரத்துக்கும், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, விளக்குத் திரி ஆகியவற்றுக்கும் பல விடுதிகளில் தீ விபத்தைக் காரணம் காட்டித் தடை விதித்திருக்கிறார்கள். உங்கள் விடுதியின் விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டு, அம்மா எடுத்து வைக்கும் காமாட்சி விளக்கைக் கொண்டுவருவதா என்று முடிவு செய்யுங்கள்.

அரிசியும் பச்சைக் கறிவேப்பிலையும் பெட்டியில் வரக் கூடாது. அரிசி வழியாக ஒரு வகை வண்டும், கறிவேப்பிலை வழியாக எலுமிச்சைக் குடும்பத்து மரங்களைக் கெடுக்கும் நோயைப் பரப்பும் பூச்சியும் வந்துவிடும் என்பதால் இந்த நாட்டினர் அவற்றைத் தடுக்கிறார்கள். பருப்புப்பொடி, இட்லிப்பொடி போன்றவற்றைக் கொண்டுவருவோர், உணவுப் பொருள் இருக்கிறது என்று சுங்க அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் அபராதம் கட்ட நேரிடும். கடவுச்சீட்டு, கல்லூரி அனுப்பிய சேர்க்கைப் படிவம், தடுப்பூசிச் சான்று, மருத்துவர் சீட்டோடு மருந்துகள் ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும். கண்ணாடி அணிபவர்கள் மாற்றுக் கண்ணாடி ஒன்றைப் பாளையங்கோட்டையிலேயே செய்துகொண்டு வாருங்கள். இவற்றையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் சொல்லாதது குளியலைப் பற்றி.

விடுதிக் குளியலறை என்பது நடைபாதையின் முடிவில் உள்ள ஒரு பெரிய அறை. அதற்குள் ஓர் ஆள் கை விரித்து நிற்க முடியாத அளவுக்குச் சிறு சிறு தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. சுவரில், தலைக்கு மேலே, அசையாமல் பதிக்கப்பட்ட ஒரு ஷவர். கீழே தண்ணீர் பிடிக்கக் குழாய் கிடையாது, வாளி கிடையாது, உட்காரக் கல்லோ பலகையோ கிடையாது. 1992ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி இந்நாட்டில் ஒரு ஷவரிலிருந்து நிமிடத்துக்கு 2.5 காலனுக்கு, அதாவது ஏறக்குறைய 9.5 லிட்டருக்கு மேல் தண்ணீர் விழக் கூடாது. தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்ற நோக்கத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தத் தூறலின் கீழே நின்று, இடுப்பு வரை நீண்ட, எண்ணெய் தேய்த்த தலைமுடியை அலசி முடிப்பதற்குள் வெளியே காத்திருக்கும் பெண் தொண்டையைக் கனைக்கத் தொடங்கிவிடுகிறாள்.

வந்த புதிதில் இதை ஒரு சிறு அசௌகரியம் என்றுதான் எண்ணினேன். பாடம், ஆய்வுக்கூடம், பனி, பேச்சு என எல்லாம் பழகிவிட்டன. உணவுக்கூடத்தின் உதிரிச் சோற்றோடு கூட நெய்யும் பருப்புப்பொடியும் சேர்த்துச் சமாதானம் செய்துகொண்டேன். குளியல் மட்டும் பழகவில்லை. தண்ணீர் மேலே விழுந்து வழிந்து போகிறதே தவிர, குளித்து முடித்தோம் என்ற நிறைவு வருவதில்லை. ஒரு செம்புத் தண்ணீரை முகந்து, ஒரு கணம் நிறுத்தி, தலையில் மொத்தமாகக் கவிழ்க்கும்போது மூச்சு ஒரு நொடி நின்று திரும்புமே, அந்த ஒரு நொடிக்காகத்தான் நாம் குளிக்கிறோம் என்பது இங்கே வந்த பிறகே எனக்குத் தெரிந்தது.

நெல்லைச் சீமையில் பிறந்தவர்களுக்கு இந்தக் குறை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேரும் தாமிரபரணியின் இரு கரையிலும் படித்துறை இல்லாத ஊர் அரிது. பாபநாசத்தில் ஒரு குளியல், குறுக்குத்துறையில் முருகனைப் பார்த்துவிட்டு ஒரு குளியல், ஆனி ஆடியில் சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் ஒரு குளியல் என்று ஆண்டையே குளியலால் அளந்தவர்கள் நாம். ஐந்தருவியில் பெண்கள் பக்கத்துக் கூட்டத்துக்குள் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவாள். முதுகில் விழும் தண்ணீரின் கனத்தில் நிற்க முடியாமல் பாறையைப் பற்றிக்கொண்டு, முன்பின் தெரியாத ஓர் அக்காவின் தோளிலும் சாய்ந்துகொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். வெளியே வந்தால் பல் கிட்டிக்கும். மங்குஸ்தான் பழத்தை உரித்துத் தின்னக் கைவிரல்கள் ஒத்துழைக்காது. இங்கே, என் அறையின் சன்னலுக்கு வெளியே அழகான பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு படித்துறை எங்கே கட்டலாம் என்று என் கண் தேடுகிறது. ஜனவரியில் அந்த ஏரி கல்லாக உறைந்து, அதன் மேல் ஆட்கள் நடந்து போகிறார்கள்.

ஆகவே நான் ஒரு வாளி வாங்கினேன். வீடு கட்டும் சாமான்கள் விற்கும் பெரிய கடைகளில், வண்ணம் கலக்குவதற்கென்று 5 காலன் பிளாஸ்டிக் வாளி மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். அது கிட்டத்தட்ட 19 லிட்டர் கொள்ளும், பிடியும் உறுதியானது. அதை ஷவரின் கீழே வைத்தால் இரண்டு நிமிடத்தில் குளிக்கப் போதுமான தண்ணீர் சேர்ந்துவிடுகிறது. செம்பை மட்டும் இங்கே எந்தக் கடையிலும் காணவில்லை. சமையலுக்கான அளவுக் கோப்பைகளும் காபிக் குவளைகளும் உண்டு. ஆனால் கைக்கு அடங்கி, கழுத்து குறுகி, வாய் விரிந்து, முகக்கும்போது 'களக்' என்று ஒலிக்கும் எவர்சில்வர் செம்பை நெல்லையில் ரத வீதிப் பாத்திரக் கடையில்தான் வாங்க வேண்டும். எனவே பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்குங்கள். அதன் உள்ளே பொடிப் பொட்டலங்களை அடைத்துவிட்டால் இடமும் வீணாகாது. கழிவறையில் காகிதம் மட்டுமே இருக்கும் என்பதால், அதற்கென்று பிளாஸ்டிக் கப்பு ஒன்றையும் தனியாக எடுத்துவையுங்கள். அதைப் பற்றி யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை.

துண்டு எடுக்கும்போது கனமான பூந்துண்டு வேண்டாம். அது 23 கிலோவில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். ஈரிழைத் துண்டுகள் இரண்டு மூன்று போதும். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்குவதால் உள்ளே காற்று வறண்டு கிடக்கும். ஈரிழைத் துண்டு நாற்காலி முதுகிலேயே விரைவில் காய்ந்துவிடுகிறது. அதே வறட்சியில் தோலும் உதடும் வெடிக்கும் என்பதால் எண்ணெய் கட்டாயம் வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாய்ப் புட்டியில் வாங்கி வந்தால் உள்ளிருந்து வெளியே வராது. வாய் அகன்ற டப்பாவில் மாற்றி, மூடியை இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் கட்டி எடுத்துவாருங்கள். தலைக்குக் குளிக்க நல்லெண்ணெயே உத்தமம். அது இந்தக் குளிரிலும் அறைக்குள் உறைவதில்லை. எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தடுப்பின் தரையைச் சீயக்காய்ப் பொடி தூவித் தேய்த்துக் கழுவிவிட்டு வாருங்கள். அடுத்து வருபவள் வழுக்கி விழக் கூடாது.

தீபாவளியன்று எனக்கு வகுப்பு இருந்தது. முந்தைய இரவு, எங்கள் தளத்திலிருந்த மதுரைப் பெண்ணும் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த பெண்ணும் என் அறைக்கு வந்து, காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வாளி தர முடியுமா என்று கேட்டார்கள். விடியுமுன் எழுந்து, மைக்ரோவேவில் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, அறைத் தரையில் செய்தித்தாளை விரித்து வரிசையாக உட்கார்ந்து, வயதில் மூத்தவள் என்பதால் அவர்கள் இருவர் தலையிலும் நான் எண்ணெய் வைத்தேன். கனடாப் பெண் செம்பால் தண்ணீர் ஊற்றிக் குளிப்பது அதுவே முதல் முறை. திரைக்கு அப்பாலிருந்து அவள் போட்ட கூச்சலைக் கேட்டு, என் அறைத்தோழியான கொலம்பியா நாட்டுப் பெண் பதறிப்போய் ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் தனக்கும் எண்ணெய் வைக்க வேண்டும் என்று அவளும் வந்து உட்கார்ந்துவிட்டாள். வெந்நீருக்கு இங்கே விறகும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். எத்தனை பேர் குளித்தாலும் தீராமல் வந்துகொண்டே இருக்கிறது. அந்த ஒன்றில் இந்த நாட்டின் மேல் எனக்கு உண்மையான நன்றி உண்டு.

ஈரத் தலையோடு அம்மாவை அழைத்தேன். அங்கே மாலை ஆகியிருந்தது. "கங்கா ஸ்நானம் ஆச்சாட்டி?" என்று கேட்டாள். ஆச்சு என்றேன். பின்னாலிருந்து ஆச்சியின் குரல், "செம்பு பத்திரமா இருக்கான்னு கேளு" என்றது. நான் இந்த ஊருக்கு முழுதாகப் பழகிவிட்டேன், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, குறுக்குத்துறையில் இப்போது தண்ணீர் எந்தப் படி வரை நிற்கிறது என்று கேட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் கடைசிப் படியும் முங்கிவிட்டதாம். மண்டபத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். வெள்ளத்தைப் பார்க்கப் பாலத்தின் மேல் ஆட்கள் நிற்கிறார்களாம். அதற்குப் பிறகு அம்மா என்னென்ன பலகாரம் செய்தாள் என்று சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

தென்காசியிலிருந்து வரும் பெண், இரண்டு பெட்டியும் கட்டியான பிறகு இன்னும் ஒரு கிலோவுக்கு இடம் இருக்கிறது, என்ன வைக்கலாம் என்று நேற்று கேட்டாள். வாளி வாங்கும் கடைக்கு நானே கூட்டிப் போகிறேன் என்றும், அந்த ஒரு கிலோவில் பாதிக்கு அவளுக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளட்டும் என்றும், மீதிப் பாதிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆச்சி இடித்துச் சலித்த சீயக்காய்ப் பொடி வந்து சேரும், வாங்கி வைத்துக்கொள் என்றும் எழுதியிருக்கிறேன்.