அலாரம் இல்லாமல் விடிகாலையில் எழுந்து படிப்பது: குரூப் 4 தேர்வர்களுக்கு என் அனுபவத்திலிருந்து

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகள் பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்பதைவிட அதிகமாக என்னிடம் கேட்பது, “காலையில எப்படி எழுந்தீங்க?” என்பதைத்தான். எழுந்திருக்கும் நேரம் முந்தைய இரவிலேயே முடிவாகிவிடுகிறது என்பதுதான் நான் கண்டது. தூக்கம் நிறைந்துவிட்டால் கண் தானாகத் திறக்கும். நிறையாத தூக்கத்தை அலாரம் வைத்துக் கலைக்கலாம், ஆனால் அப்படிப் பிடுங்கிய நேரத்தில் படிப்பு ஏறாது. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பத்தியை நான்கு முறை படித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தாலே இது தெரியும்.

நான் படித்த காலத்தில் கோவை சிங்காநல்லூரில் ஓர் அறையில் மூன்று பேர் தங்கியிருந்தோம். எங்களில் மூத்தவர் ஒரு மில்லில் வேலை பார்த்தார். மாலை ஷிப்டு என்றால் நள்ளிரவு முடித்து, சைக்கிளில் வந்து, குளித்துவிட்டுப் படுக்க ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “அலாரம் நீ வெக்கற தம்பி, எந்திரிக்கறது நானு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் உழைத்துக் களைத்து வந்து படுக்கிற மனிதரின் தூக்கத்தைக் கெடுத்து நாம் படிப்பது சரியில்லை என்று பட்டது. சத்தமே இல்லாமல் எழ வழி உண்டா என்று தேட ஆரம்பித்தது அப்போதுதான்.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டது பெரிய உதவி. 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு என்று நடப்பு நிகழ்வுகளுக்காக நாம் மனப்பாடம் செய்திருப்போம். எதற்காகக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால் இந்த விஷயம் புரிந்துவிடும். பழ ஈக்களை வைத்து, உயிரணுவுக்குள் ஒரு நாள் கணக்கில் ஓடும் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்தவர்கள் அவர்கள். நம் மூளையில் அந்தக் கடிகாரத்தின் தலைமையிடம் ஹைபோதலாமஸில் இருக்கிறது. இரண்டு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னத் தொகுதி அது. கண்ணிலிருந்து வெளிச்சச் செய்தி நேராக அங்கே போகிறது.

இந்தக் கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. அதனால் அதன் போக்கில் விட்டால் நாளுக்கு நாள் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும். நேரம் கழித்துத் தூங்கிப் பழகுவது எளிதாகவும், சீக்கிரம் எழுந்து பழகுவது கடினமாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தினமும் காலை வெளிச்சம்தான் அதை முன்னால் இழுத்துச் சரிசெய்கிறது. ஆகவே அலாரத்தை மாற்றுவதற்கு முன்னால் வெளிச்சத்தை மாற்றுங்கள்.

இன்னொரு ஆய்வும் எனக்கு நம்பிக்கை கொடுத்தது. 1999இல் ஜெர்மனியின் லூபெக் பல்கலைக்கழகத்தில் யான் போர்ன் குழுவினர் செய்தது. தூங்கப் போகிறவர்களிடம் ஒரு நாள் “6 மணிக்கு எழுப்புவோம்” என்றும், இன்னொரு நாள் “9 மணிக்கு எழுப்புவோம்” என்றும் சொல்லி வைத்தார்கள். 6 மணி என்று தெரிந்து படுத்த நாளில், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே ஏசிடிஎச் என்கிற ஹார்மோன் ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிட்டது. உடம்பை விழிப்புக்குத் தயார்செய்யும் கார்டிசாலைச் சுரக்கத் தூண்டுவது இந்த ஹார்மோன்தான். 9 மணி என்று நினைத்துப் படுத்தவர்களைத் திடீரென்று 6 மணிக்கு எழுப்பியபோது அந்த முன்னேற்பாடு இல்லை. ஊருக்குப் போக நான்கு மணி பஸ் என்றால் மூன்றே முக்காலுக்கே முழிப்பு வந்துவிடுகிறது அல்லவா, அது நிஜமான விஷயம்தான். தூங்கும் மூளைக்கும் நேரக் கணக்கு உண்டு.

சரி, நான் செய்தது என்ன என்று சொல்கிறேன். எனக்கு வேண்டியது ஐந்து மணி விழிப்பு. அதிலிருந்து ஏழு மணி நேரம் பின்னால் எண்ணினால் இரவு பத்து. படுத்ததும் தூக்கம் வந்துவிடாது என்பதால் ஒன்பதே முக்காலுக்கே விளக்கை அணைக்க வேண்டும். அதுவரை பதினொன்றரைக்குப் படுத்துப் பழகிய உடம்பை ஒரே நாளில் பத்து மணிக்குப் படுக்கவைத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதனால் எழும் நேரத்தையும் படுக்கும் நேரத்தையும் சேர்த்துக் கால் மணி நேரம் மட்டும் முன்னால் நகர்த்தி, அது பழகும் வரை சில நாட்கள் அங்கேயே நின்றேன். பழகிய பிறகு இன்னொரு கால் மணி. இதில் அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். இரண்டாவது வாரத்தில் அலுப்பாக இருக்கும், “நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது” என்று தோன்றும். அந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அறை நண்பரின் தூக்கம் கெடக் கூடாது என்றாலும் அலாரத்தை உடனே தூக்கி எறியவில்லை. போனை வைப்ரேஷனில் போட்டுத் தலையணை உறைக்குள் வைத்துவிடுவேன். நேரம் மட்டும் ஐந்தே கால். அதாவது நான் எழ நினைக்கும் நேரத்துக்குக் கால் மணி பின்னால். அது ஒரு காவல். அலாரம் அடிப்பதற்கு முன் எழுந்தால் அன்று தூக்கம் நிறைந்தது என்று பொருள், அடித்த பிறகு எழுந்தால் இன்று இரவு இன்னும் சீக்கிரம் படுக்க வேண்டும் என்று பொருள். இப்படி ஒரு காவல் இருப்பதால் “எழாமல் போய்விடுவோமோ” என்ற பயம் போய்விடும். அந்தப் பயம் இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை என்று முழித்து மணி பார்க்கத் தோன்றும். நடுவில் விழிப்பு வந்தால் மணி பார்க்கவே பார்க்காதீர்கள். பார்த்தால் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும், அப்புறம் தூக்கம் எங்கே வரும்?

பழகிய பிறகு அந்த விழிப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அலாரம் அடித்தால் நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும், வாய் உலர்ந்திருக்கும், எந்தக் கிழமை என்றுகூட ஒரு நிமிடம் தெரியாது. தானாக எழும்போது முதலில் சத்தங்கள் வரும். மேலே மின்விசிறியின் டக் டக், தெருவில் பால் வண்டியிலிருந்து டப்பை இறக்கும் ஓசை, தூரத்தில் பள்ளிவாசல் பாங்கு. கண் அதற்குப் பிறகு திறக்கும். திறந்ததும் முந்தைய இரவு கடைசியாகப் படித்த பாடம் நினைவுக்கு வரும். எழுந்து முகம் கழுவி உட்கார்ந்தால் தலையில் பாரம் இருக்காது. ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பவரைச் சட்டென்று எழுப்பினால் வரும் மந்தம் கால் மணியிலிருந்து அரை மணி வரை, சில நேரம் அதற்கும் மேல் நீடிக்கும். தினமும் அந்த அரை மணி மிச்சம் என்றால் தேர்வு வருவதற்குள் எவ்வளவு சேரும் பாருங்கள்.

வெளிச்ச விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் சூரிய உதயம் வருடம் முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. சென்னையில் ஜூன் மாதம் ஐந்தே முக்கால் வாக்கில், ஜனவரியில் ஆறரை தாண்டி. ஐந்து மணிக்கு எழுகிறவருக்கு எல்லாக் காலத்திலும் இருட்டாகத்தான் இருக்கும். அதனால் எழுந்ததும் அறையிலோ வராந்தாவிலோ நல்ல விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கலாம். ஆனால் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் டியூப்லைட் சில நூறுதான் வரும். நன்றாக விடிந்த பிறகு திறந்தவெளியில் கிடைப்பது அதைப்போலப் பல மடங்கு. அதனால் ஆறே முக்கால், ஏழு மணிக்குப் புத்தகத்தோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். கால் மணியோ இருபது நிமிடமோ நடந்துகொண்டே திருப்புதல். பொதுத்தமிழில் இலக்கணக் குறிப்பு, ஆசிரியர் பெயர், அடைமொழி எல்லாம் அப்படி நடந்து படித்தவைதான். மேகமூட்டமான நாளிலும் போவேன். அப்போதும் அறைக்குள் இருப்பதைவிட வெளியே வெளிச்சம் அதிகம்.

இரவில் இதற்கு நேர் எதிர். கண்ணில் இருக்கும் வெளிச்ச உணரிகளில் ஒரு வகை நீல ஒளிக்கு அதிகமாக அசைந்துகொடுக்கும். அதை இரவில் கண்டால் கடிகாரம் இன்னும் பகல் முடியவில்லை என்று எடுத்துக்கொண்டு, உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோனைத் தள்ளிப்போடும். போன் திரை வெளிச்சத்தைவிட அதில் வருகிற விஷயம்தான் தூக்கத்தை அதிகம் கெடுக்கிறது என்பது என் கருத்து. கட் ஆஃப் எவ்வளவு, அறிவிப்பு எப்போது என்று டெலிகிராம் குழுவில் ஒன்பதரை மணிக்கு ஒரு வதந்தி வந்தால் போதும், பதினோரு மணி வரை போய்விடும். ஒன்பது மணிக்கு மேல் குழுக்களைத் திறக்காதீர்கள். வதந்தி காலையில் படித்தாலும் வதந்திதான்.

சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். பக்கத்து மெஸ்ஸில் புரோட்டா தீர்வதற்குள் போகிற அவசரமே அதற்கு உதவியது. டீயைச் சாயங்காலம் நான்கு மணியோடு நிறுத்தினேன். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும், அது ஏற ஏறத்தான் தூக்கம் அழுத்தும். காஃபின் அந்த அடினோசினின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். எட்டு மணி காபி பத்து மணித் தூக்கத்தை என்ன செய்யும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் கொசுவும் புழுக்கமும். சிங்காநல்லூர் குளத்துப் பக்கம் இருந்தவர்களுக்குக் கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு நல்ல கொசுவலைக்குச் செலவழித்தது எனக்குப் பல புத்தகங்களைவிட உதவியாக இருந்தது. தூக்கம் வராத மாணவர்களிடம் மன அழுத்தம், ஒழுக்கம் என்றெல்லாம் பேசுகிறோம், அறைக்குள் காற்று வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாவற்றையும்விட ஞாயிற்றுக்கிழமைதான் சோதனை. ஆறு நாள் ஐந்து மணிக்கு எழுந்துவிட்டு ஏழாம் நாள் ஒன்பது மணி வரை தூங்கினால் கடிகாரம் பின்னால் போய்விடும். அன்று இரவு பத்து மணிக்குத் தூக்கம் வராது, திங்கட்கிழமை திரும்பவும் போராட்டம். மாதிரித் தேர்வு, கல்யாணம், ஊர்ப் பயணம் எதுவானாலும் எழும் நேரத்தை அரை மணிக்கு மேல் தள்ளாதீர்கள். தூக்கம் குறைந்த நாளில் மதியம் இருபது நிமிடம் கண்ணயர்ந்துகொள்ளுங்கள், மூன்று மணிக்கு மேல் வேண்டாம்.

இரண்டு விஷயங்களில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஒன்று, 90 நிமிடக் கணக்கு. தூக்கச் சுற்று ஒவ்வொன்றும் 90 நிமிடம், அதனால் ஆறு மணி நேரமோ ஏழரை மணி நேரமோ சரியாகத் தூங்கினால் புத்துணர்ச்சியாக எழலாம் என்று சொல்வார்கள். சுற்று ஆளுக்கு ஆள் மாறும், ஒரே ஆளுக்கு ஒரே இரவிலும் மாறும். அந்தக் கணக்கை நம்பித் தூக்கத்தை வெட்டாதீர்கள். இரண்டு, நான்கு மணிக்கு எழுந்தால்தான் அரசு வேலை என்ற பேச்சு. பதினொன்றுக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்து தேர்ச்சி பெற்றவர்கள் எத்தனையோ பேர். இயல்பிலேயே தாமதமாக விழிக்கும் உடம்பு சிலருக்கு உண்டு, பதின்ம வயதில் எல்லோருக்குமே கடிகாரம் கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் இருக்கும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளையை நான்கு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் குறைந்தபட்சம். அதிகாலைத் தூக்கத்தில் கனவுத் தூக்கத்தின் பங்கு அதிகம், கடைசி இரண்டு மணியை வெட்டினால் பெரும்பாலும் போவது அதுதான்.

இத்தனையும் செய்து, எட்டு மணி நேரம் தூங்கியும், பகலெல்லாம் கண் சொருகுகிறது என்றால் அதைச் சோம்பல் என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ள வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது என்று காரணங்கள் பல. மருத்துவரைப் பாருங்கள். நம் பெண்பிள்ளைகள் பலருக்கு ரத்தசோகை இருக்கிறது, ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

தேர்வு நேரத்தையும் மனதில் வைத்துத்தான் எழும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். குரூப் 4 காலை 9:30 முதல் 12:30 வரை. 200 கேள்வி, மூன்று மணி நேரம் முழுக் கவனம் வேண்டும். ஐந்து, ஐந்தரைக்கு எழுந்து பழகிய உடம்பு அந்த நேரத்தில் நல்ல சுறுசுறுப்பில் இருக்கும். நீட் எழுதுகிறவர்களுக்குத் தேர்வு மதியம் இரண்டு மணிக்குத் தொடங்குகிறது. சாப்பாட்டுக்குப் பின் கண் சொருகும் நேரம் அது. அவர்கள் கடைசி மாதத்தில் மாதிரித் தேர்வுகளை அதே இரண்டு மணிக்கு எழுதிப் பழகுவது நல்லது.

தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் இந்தப் பழக்கத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். பதற்றத்தில் தூக்கம் தாமதமாக வரலாம், புது ஊரில் உறவினர் வீட்டில் படுத்திருக்கலாம். இரண்டு அலாரம் வையுங்கள், அம்மாவிடமும் ஒரு போன் போடச் சொல்லுங்கள். அன்று ஒரு மணி நேரம் தூக்கம் குறைந்தாலும் முந்தைய வாரங்களில் நன்றாகத் தூங்கியவர் சமாளித்துவிடுவார். ஹால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டிப் போனால் உள்ளே விட மாட்டார்கள்.