விட்டேக்கரை எங்கே வைப்பது?

குத்துச்சண்டையில் லைட்வெயிட் எடைப்பிரிவின் எல்லாக் கால வீரர்களையும் வரிசைப்படுத்தினால், எனக்கு முதல் ஆள் ராபர்ட்டோ டுரான். அதில் பேச்சே இல்லை. 1972-ல் கென் புக்கனனிடம் பட்டத்தைப் பிடுங்கியவர், 1979-ல் தானாக விட்டுவிட்டுப் போகும்வரை யாராலும் அதைப் பறிக்க முடியவில்லை. இரண்டாவது பென்னி லெனர்டு. 1917 முதல் 1925 வரை சாம்பியன். தகராறு மூன்றாவது இடத்தில்தான். நான் அமெரிக்க வீரர் பெர்னல் விட்டேக்கரை அங்கே உட்கார வைக்கிறேன்.

எங்கள் மாமா ஒத்துக்கொள்ளவே மாட்டார். ராயபுரத்துக்காரர், இளவயதில் சார்பட்டா பரம்பரைக்காக கிளவுஸ் மாட்டியவர். "அடி வாங்காம தப்பிக்கிறது பெரிய வித்தையாடா? எதிராளி படுக்கணும்" என்பார். விட்டேக்கர் ஜெயித்த 40 சண்டைகளில் நாக்-அவுட் 17தான். வடசென்னையில் இந்தக் கணக்கு எடுபடாது.

ஆனால் அவர் ஓடி ஒளிந்து தப்பிக்கவில்லை என்பதை யூடியூபில் பார்த்தாலே தெரியும். இடதுகைக்காரர். எதிராளியின் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்பார். குத்து கிளம்பியதும் முழங்காலை மடக்கி, ஏறக்குறைய தரையில் உட்கார்ந்து, அது தலைக்குமேல் போனதும் பக்கவாட்டில் எழுந்து வலது ஜாப் (முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் குத்து) போடுவார். 1987-ல் ரோஜர் மேவெதரோடு மோதும்போது பின்னால் போய் அவர் டிரவுசரையே இழுத்துவிட்டார்! அந்தக் குறும்பை மட்டும் மாமா ரசிப்பார்.

1988-ல் பாரிஸில் ஹோசே லூயிஸ் ராமிரெஸிடம் தோற்றதாகத் தீர்ப்பு வந்தது. என்னைக் கேட்டால் அது பட்டப்பகல் கொள்ளை. மறுவருஷம் சொந்த ஊரான நார்ஃபோக்கில் அதே ராமிரெஸைப் புள்ளிகளில் ஜெயித்தார். 1990-ல் அசுமா நெல்சனை வென்றார், அப்புறம் ஹுவான் நசாரியோவை முதல் ரவுண்டிலேயே சாய்த்து மூன்று பெரிய அமைப்புகளின் பட்ட பெல்ட்டுகளையும் ஒன்றாக்கினார். டுரானுக்குப் பிறகு அந்த எடையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட சாம்பியன் என்று முதலில் வந்தவர் அவர்தான்.

இங்கே ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். விட்டேக்கர் என்றதும் 1993-ல் மெக்சிகோ வீரர் ஹூலியோ சீசர் சாவேஸோடு டிரா ஆன சண்டையை இழுக்கிறார்கள். அந்தத் தீர்ப்பும் அநியாயம்தான், சரி. ஆனால் அது எடை கூடிய வெல்டர்வெயிட் பிரிவின் பட்டத்துக்கான சண்டை. லைட்வெயிட் தராசில் 61.2 கிலோவுக்குள் நடந்ததை மட்டுமே வைக்க வேண்டும். அப்படி வைத்தால் அவருடைய பட்டக் காலம் மூன்று வருஷம்தான், 1989 முதல் 1992 வரை. அதனால்தான் லெனர்டுக்கு மேலே அவரை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

டுரானும் இவரும் மோதியிருந்தால்? டுரான் காலத்துப் பட்டச் சண்டை 15 ரவுண்டு. விட்டேக்கர் பட்டத்துக்கு ஆடியதெல்லாம் 12. பதினைந்து என்றால் டுரான் விலாவில் குத்திக் குத்தியே கடைசியில் காலைக் கட்டிப்போட்டுவிடுவார். பன்னிரண்டு என்றால் மாமா எவ்வளவு முறைத்தாலும் என் ஓட்டு விட்டேக்கருக்கு, இரண்டு புள்ளி வித்தியாசத்தில்.