கூலி வராமல் சூரியன் மறைந்தால்

மூணு மாசமாகச் சம்பளம் வரவில்லை என்று ஜெபக்கூட்டத்தில், சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்த ஒரு தம்பி வாய் திறந்தால், யாராவது ஒரு பெரியவர் எபேசியர் 4:26-ஐ எடுத்துவிடுவார்: "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." ஆமென், அடுத்த பாட்டு. கொதிக்கிற பானைக்கு வசனம் மூடியாகிவிடுகிறது.

அதே வேதாகமத்தில் இன்னொரு அஸ்தமனமும் இருக்கிறது. உபாகமம் 24:15. கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது போவதற்குள் கொடுத்துவிட வேண்டும். அவன் ஏழை, அதையே எதிர்பார்த்திருக்கிறான். கொடுக்காவிட்டால் அவன் கர்த்தரிடம் முறையிடுவான், அது உனக்குப் பாவமாகும். கூலி தராதவனுக்கும் சூரியன்தான் கெடு, கோபப்பட்டவனுக்கும் சூரியன்தான் கெடு. முதல் கெடுவைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்வது பாதிப் பிரசங்கம்.

எபேசியர் வசனத்தையே நிதானமாக வாசியுங்கள். "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்று தொடங்கி, எரிச்சல் தணியட்டும் என்று முடிகிறது. கோபம் ஒரு சொல், எரிச்சல் இன்னொரு சொல். கிரேக்க மூலத்திலும் இரண்டும் ஒரே சொல் இல்லை. அநியாயத்தை அநியாயம் என்று அறிகிற கோபம் இருக்கலாம். உள்ளே கிளறிக்கொண்டே இருக்கிற அந்த எரிச்சலைத்தான் இரவுக்குக் கொண்டுபோகக் கூடாது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாய்கிறது. அந்நேரம் தொழிலாளர் பலர் லாரியில் தங்குவிடுதிக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். ஆகவே எரிச்சலைத் தணிக்கிற இந்த வேலை நடக்கிற இடம், நடைமுறையில், கட்டில்தான். எபேசியரில் பவுல் எடுத்தாளும் சங்கீதம் 4:4-உம் அதைத்தான் சொல்கிறது: "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்."

அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடப்பக்கம் நடந்தது மட்டும்: தேதி, வேலைக்குப் போன நேரம், விட்ட நேரம், வந்த தொகை, பிடித்த தொகை, யார் என்ன சொன்னார். பெயரடை ஒன்றுகூட வேண்டாம். "அயோக்கியன்" என்று எழுதக் கை துடித்தால் அது வலப்பக்கத்துக்கு உரியது.

வலப்பக்கம் கர்த்தருக்கு. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் 13-ஆம் சங்கீதத்தை அச்சாக வைத்துக்கொள்ளலாம். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற முறையீடு, அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில் நம்பிக்கை. அவசரப்பட்டுக் கடைசிப் பகுதிக்குத் தாவுவதுதான் பொதுவாக நடக்கிற தவறு. முறையீடு இரண்டு வாரம் நீண்டால் நீளட்டும். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, யாரும் அதை வேதாகமத்திலிருந்து கிழித்துப் போடவில்லை. 109-ஆம் சங்கீதத்தின் சாபங்களையும் தாராளமாக வாசிக்கலாம். அவை கர்த்தருடைய காதில் சொல்லப்பட்டவை. அதையே வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாகப் போட்டால் கதை வேறு. முதலாளியின் படத்தையும் கைபேசி எண்ணையும் தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு இணையத்தில் போடுவது 2020 முதல் இங்கே குற்றம். நியாயம் கேட்கவேண்டியவர் குற்றவாளிக் கூண்டில் போய் நிற்பதற்கு ஐந்து நிமிடக் கோபம் போதும்.

இடப்பக்கத்தில் கணக்கு எப்படி வரவேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். அடிப்படைச் சம்பளம் மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வையுங்கள். 800-ஐ 12-ஆல் பெருக்கி, ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம் இரண்டையும் பெருக்கி வரும் 2,288-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 4.20 வெள்ளி. ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 6.29. நாற்பது மணி நேர ஓவர்டைம் வரவில்லை என்றால் பாக்கி சுமார் 251 வெள்ளி 75 காசு. "என்னை ஏமாத்திட்டாங்க" என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் சமரசம் பேச உட்கார்ந்திருப்பவருக்கு அந்த 251.75-தான் வேண்டும்.

இதில் நெகேமியாதான் சரியான வாத்தியார். அவர் பெயரிலுள்ள வேதாகமப் புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், கடனுக்காகப் பிள்ளைகளை அடிமையாக்கிய செய்தி கேட்டு அவர் மிகவும் கோபப்படுகிறார். உடனே கத்தவில்லை, மனதிலே ஆலோசனை பண்ணுகிறார். பிறகு பிரபுக்களை நேருக்கு நேர் கடிந்துகொள்கிறார், சபையைக் கூட்டுகிறார், கேட்பதைப் பட்டியலாகக் கேட்கிறார்: நிலம், திராட்சத்தோட்டம், ஒலிவத்தோப்பு, வீடு, நூற்றுக்கொன்று வட்டி, எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அவர்கள் சரி என்றதும் ஆசாரியரை அழைத்து ஆணையிடுவிக்கிறார். வாய்வார்த்தையை நம்பவில்லை, பாருங்கள். இயேசுவும் மாற்கு 11:11-இல் தேவாலயத்துக்குள் போய் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, சாயங்காலமானதால் பெத்தானியாவுக்குப் போய்விடுகிறார். காசுக்காரரின் பலகைகள் கவிழ்ந்தது மறுநாள்.

"பழிவாங்காமல், கோபாக்கினைக்கு இடங்கொடுங்கள்" என்கிறது ரோமர் 12:19. எபேசியர் 4:27 "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்கிறது. இடம் ஒன்றுதான்; யாருக்கு விடுகிறோம் என்பதுதான் கேள்வி. ரோமர் 12 முடிந்து நாலே வசனம் தாண்டினால், தீமை செய்கிறவனைத் தண்டிக்கிற அதிகாரியைத் தேவ ஊழியக்காரன் என்கிறார் பவுல். முறைப்படி புகார் கொடுப்பதும் தேவ கோபத்துக்கு இடம்விடுகிற ஒரு வழிதான். பிலிப்பி பட்டணத்து அதிகாரிகள் தம்மை அடித்துச் சிறையில் போட்டுவிட்டு ரகசியமாக வெளியே போகச் சொன்னபோது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்று அதே பவுல் உட்கார்ந்துகொண்டாரே.

சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓவர்டைமும் வரவேண்டும். விவரம் பிரித்த சம்பளச் சீட்டு 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். வராவிட்டால் டிஏடிஎம் என்கிற, அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்த முத்தரப்பு அமைப்பில் புகார் பதிவு செய்யலாம். முதலில் சமரசப் பேச்சு, அது முறிந்தால் நடுவர் மன்றம். அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. வேலையை விட்டவர் கடைசி வேலைநாளிலிருந்து 6 மாதத்துக்குள் போயாக வேண்டும். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று ஏழாவது மாதம்வரை காத்திருந்து உரிமையை இழப்பதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

சபையில் அடிக்கடி தவறாகப் பயன்படுவது மத்தேயு 18:15. முதலில் தனியே போய்ப் பேசு என்கிற அந்த வழி "உன் சகோதரன்" என்று தொடங்குகிறது, சபைக்குள்ளே இருப்பவரைப் பற்றியது. அடிக்கக் கை ஓங்குகிற மேற்பார்வையாளர் முன்னால் ஓர் ஆளைத் தனியாக நிற்கவைக்க அதை மேற்கோள் காட்டாதீர்கள். அடி விழுந்தால் 999. துணைக்கு ஒருவர் உடன் போவது ஜெபத்தைவிடக் குறைந்த ஊழியம் அல்ல.

மன்னிப்பு? அது வலப்பக்க வேலை. அந்த ஆள் கெட்டுப்போக வேண்டும் என்ற ஆசையைக் கர்த்தர் கையில் விடுவது. இடப்பக்கத்தின் 251.75-ஐ அது அழிப்பதில்லை. பாக்கியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க ஒருவர் தாமாக முடிவெடுக்கலாம், ஆனால் மன்னிப்பின் பெயரால் மேய்ப்பரோ மூப்பரோ அவரை அதற்கு நெருக்கக் கூடாது.

சமரசம் ஏற்பட்டால் ஒப்பந்தத்தை மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். கையெழுத்திட்டு நான்கு வாரம்தான் அவகாசம். நெகேமியா ஆணையிடுவித்தது போலத்தான் இதுவும். வலப்பக்கங்களை எப்போது வேண்டுமானாலும் கிழித்துப் போடலாம். இடப்பக்கங்களைக் கடைசித் தவணை வங்கிக்கணக்கில் விழும்வரை பத்திரமாக வையுங்கள்.