கழுத்தில் இருந்தது அழுக்கு இல்லை

அந்தப் பையனுக்கு ஒன்பது வயது, எடை 46 கிலோ. அந்த வயதுக்கு 28 கிலோ இருந்தாலே போதும். மூன்று வருடமாக, மழைக்காலம் வந்தால் வீசிங்கோடு என்னிடம் வந்துவிடுவான். நெபுலைசர் வைப்பேன், ஸ்டீராய்டு இன்ஹேலர் டோஸைக் கூட்டுவேன், அனுப்பிவிடுவேன். நர்ஸ் ஒவ்வொரு முறையும் எடையைச் சீட்டில் எழுதித்தான் தந்தார். மருந்துக் கணக்குப் போட மட்டுமே அதைப் பார்த்திருக்கிறேன். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

கூட வரும் பாட்டி, "கண்ணு வைக்காதீங்க டாக்டர், அவங்கப்பா வாகு" என்பார். நானும் சிரித்துவைப்பேன்.

ஒருநாள் அம்மா கேட்டார்: "கழுத்து அழுக்கு மட்டும் போகவே மாட்டேங்குது டாக்டர், பீர்க்கங்காய் நார் போட்டுக்கூடத் தேச்சுட்டேன்." காலரை விலக்கினேன். வெல்வெட் மாதிரி தடித்த கறுப்பு. இன்சுலின் சொல்பேச்சை உடம்பு கேட்காதபோது தோலில் வரும் அடையாளம் அது. தேய்த்துத் தேய்த்து ஓரம் புண்ணாகியிருந்தது.

கொழுப்பை வெறும் கிடங்காக நினைத்துப் பழகியவன் நான். அது ஓயாமல் வேலை செய்யும் உறுப்பு. 1993-ல் பருத்த எலிகளின் கொழுப்பில் அழற்சியை, அதாவது உள்வீக்கத்தை, உண்டாக்கும் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற பொருளைக் கண்டார்கள், மறுவருடம் கொழுப்பு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை. கொழுப்பு கூடக்கூட அழற்சியைத் தூண்டும் லெப்டின் ஏறும், அழற்சியை அடக்கும் அடிபோனெக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் இறங்கும். சாம்பலுக்கடியில் கங்கு கிடப்பதுபோல உடம்பெங்கும் லேசான அழற்சி, மூச்சுக்குழாயும் தப்புவதில்லை. போதாததற்கு வயிறு, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத்தை மேலே தள்ளும். வழக்கமான அலர்ஜி ஆஸ்துமாவில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் ஆட்டம், அதை ஸ்டீராய்டு நன்றாக அடக்கும். பருமனான பிள்ளைகள் சிலருக்கு அழற்சியின் ரகமே வேறு, ஸ்டீராய்டுக்கு அவ்வளவாக மசியாது. நானோ டோஸை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். இழுப்பு முற்றும்போதெல்லாம் தந்த ஸ்டீராய்டு மாத்திரை பசியை வேறு கிளப்பியிருக்கும்.

பள்ளியில் பி.டி. பீரியட் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்திருப்பானாம். உட்கார்ந்து எடை கூடியது, எடை கூடி இன்னும் மூச்சு இளைத்தது. 'விளையாட வேண்டாம்' என்று சர்டிஃபிகேட் எழுதிக் கொடுத்தது யார்? நான்தான்.

அதைத்தான் முதலில் ரத்து செய்தேன். ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரில் இரண்டு பஃப், ஸ்பேசர் என்ற குழாயோடு. அப்புறம் சாயங்கால பேக்கரி பப்ஸுக்குப் பதில் சுண்டல். டயட் சார்ட் என்று எதையும் நீட்டவில்லை. வளரும் பிள்ளையைப் பட்டினி போட முடியாது.

ஆறு மாதம் கழித்து அதே 46 கிலோ, உயரம் மட்டும் மூன்று சென்டிமீட்டர் கூடுதல். எனக்கு அதுவே சந்தோஷம். கழுத்துக் கறுப்பு அப்படியேதான் இருக்கிறது. சீக்கிரம் போகாது, தேய்க்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

பாட்டிதான் கோபமாக இருந்தார். "பையன் இளைச்சுட்டான் டாக்டர்" என்றார். பழக்கதோஷத்தில் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து மாட்டிவிட்டேன்.